கட்டம் பதினேழு, சுத்தம்

எங்கள் வேலையில் எனக்குப் பிடிக்காத வார்த்தை ‘சுத்தம்’. டிரோன் ஒரு கட்டத்துக் கடலை முழுக்கப் பார்த்து முடித்து, அங்கே ஆளும் இல்லை படகும் இல்லை என்றால், வயர்லெஸ்ஸில் கட்டத்தின் எண்ணைச் சொல்லிப் பின்னாலேயே ‘சுத்தம்’ என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் தேடுகிற படகுகள் வேறு பக்கம் திரும்பிவிடும். அப்புறம் யாரும் அந்தக் கட்டத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

“கட்டம் பதினேழு, சுத்தம்,” என்றேன்.

எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. நேற்றிலிருந்து ஒவ்வொரு ‘சுத்த’த்துக்கும் அது கிறீச்சிடுகிறது. அதில் உட்கார்ந்திருந்தவள் ஜெசிந்தா. திங்கட்கிழமை சிலுவைத்துறையிலிருந்து ஒரு சின்ன ஃபைபர் படகில் கடலுக்குப் போய், சூறைக்காற்றில் மாட்டித் திரும்பாத இரண்டு பேரில் கிளாரன்ஸ் அவள் புருஷன், ரெமி அவளுடைய தம்பி. அழவில்லை. அழுதிருந்தால் வெளியே போய் உட்காரச் சொல்லியிருப்பேன். அவள் என் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு வேலையே ஓடவில்லை.

என் பெயர் தமயந்தி. கடலில் காணாமல் போகிறவர்களைத் தேடும் டிரோன்களை ஓட்டுகிற தனியார் கம்பெனியில் வேலை. எங்கள் டிரோன்களில் இருப்பது தட்டை லென்ஸ் கேமரா. பழைய கேமரா நாலு ஓட்டத்தில் பார்க்கும் அகலத்தை இது ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடும். படமும் கண்ணாடி போலிருக்கும். அதைப் பார்த்துத்தான் நேற்றிலிருந்து கட்டம் கட்டமாகக் கடலைச் சுத்தம் சுத்தம் என்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாவது கட்டத்தில் ஒரு சிவப்பு மிதவை தெரிந்தது. வலையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த மிதவை, அதில் ஒன்றும் விசேஷமில்லை. திரையின் நடுவில் பளிச்சென்று இருந்தது. டிரோன் நகர நகர அது ஓரத்துக்குப் போனது. போகும்போதே இளஞ்சிவப்பாகி, சாம்பலாகி, பிறகு கடலாகிவிட்டது. மிதவை இருந்த இடத்தில் ஒரு அழகான நீல அலை.

டிரோனைத் திருப்பினேன். மிதவை நடுவில் வந்தது. விலக்கினேன். மறுபடி அலை.

“சென்னி! இங்க வாய்யா!”

சென்னியப்பன் அந்த லென்ஸ் செய்கிற ‘இமை ஆப்டிக்ஸ்’ கம்பெனியின் ஆள், கோயம்புத்தூர்க்காரன். கேமராக்களைச் சரிபார்க்க வந்தவன் இந்தத் தேடலால் எங்கள் கொட்டகையிலேயே தங்கிப்போனான். எதற்கும் சிரிக்கிற சுபாவம். நான் மிதவையை மூன்றாம் தடவை ஓரத்துக்குத் தள்ளிக் காட்டியபோது அவன் சிரிக்கவில்லை.

“மிதவை எங்க போச்சு?”

“அது வந்துங்க்கா… இந்த லென்ஸ் எவ்வளவு மெல்லிசுன்னு தெரியுமுங்களா? வெங்காயச் சருகுகூட இதுக்கு முன்னால தடிமனுங்க. மேல கோடிக்கணக்குல நுணுக்கமான தூணுங்க நட்டிருக்கோம். வெளிச்சம் அதுக்குள்ள பூந்து வரையில வளையும். கனமான கண்ணாடியே வேண்டாம். அதனாலதான் உங்க டிரோன் இவ்வளவு நேரம் பறக்குது.”

“விளம்பரமெல்லாம் நான் பாத்தாச்சு. மிதவை எங்க?”

“சொல்றனுங்க. ஒரு கல்யாணத்துக்குச் சனம் வருதுன்னு வைங்க. எல்லாரும் முகூர்த்தத்துக்கு ஒண்ணா மண்டபத்துக்குள்ள நுழையோணும். பக்கத்துல இருந்து வர்றவங்க சீக்கிரம் வந்துருவாங்க. அவங்க காத்திருக்க ஒரு எடம் வேணுமில்லீங்களா? வெளிச்சமும் அப்படித்தானுங்க. நேரா வர்றது, சரிஞ்சு வர்றது, சிவப்பு, பச்சை, நீலம், அத்தனையும் ஒரே புள்ளியில சேரோணும்னா சிலதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கோணும். இத்தனை மெல்லிசுல நிறுத்தி வைக்க எடம் ஏதுங்க?”

“அப்ப?”

“மெல்லிசு, அகலம், நிறம். மூணுல ரெண்டுதான் கெடைக்குமுங்க. நாங்க இன்னும் நல்லாச் செஞ்சா சரியாயிரும்னு இல்லீங்க. வெளிச்சத்தோட கணக்கே அப்படி.”

“மூணும் இருக்குன்னு சொல்லித்தானேய்யா வித்தீங்க!”

“நடுவுல மூணும் இருக்குங்க. ஓரத்துலதான் நிறமெல்லாம் பிரிஞ்சு கறை மாதிரி விழும். வாங்கறவங்க அதப் பாத்துட்டு வேண்டாம்னாங்க. அதனால சாப்ட்வேர் அந்தக் கறையைத் துடைச்சுப் போட்டு, அங்க என்ன இருக்கும்னு அதாவே யோசிச்சு வரைஞ்சிரும்.”

“கடல்ல என்ன இருக்கும்னு யோசிக்கும்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “கடல் இருக்கும்னுதானுங்க.”

அந்தச் சாப்ட்வேர் கடலை எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கம்பெனி முதலில் இந்தக் கேமராவைக் கல்யாண வீடியோக்காரர்களுக்குத்தான் விற்றதாம். கடற்கரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஓடி வருகிற வீடியோக்களைப் போட்டுத்தான் அதற்குக் கடலைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடலில் குப்பை கிடையாது, அழுக்கு நுரை கிடையாது, தத்தளிக்கிற மனுஷன் கிடையாது. ஓரத்தில் சின்னதாக ஏதாவது நிறம் தெரிந்தால் அது கேமராவின் பிசகு, துடைத்துவிட வேண்டும். 

“அப்ப நேத்துலேருந்து நான் சுத்தம்னு சொன்னதெல்லாம்?”

“நடுவுல மட்டும் நெசமுங்க,” என்றான் சென்னியப்பன். “ஓரமெல்லாம் வரைஞ்சது.”

நாற்காலி கிறீச்சிடவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜெசிந்தா எழுந்து நின்றிருந்தாள். நாங்கள் பேசியதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, தேவையானது புரிந்துவிட்டது.

“அப்பம் அவிய ரெண்டு பேரும் அந்த ஓரத்துல இருந்துருப்பாவளோ?”

சென்னியப்பன் திரையைப் பார்த்தான், நான் சென்னியப்பனைப் பார்த்தேன்.

“பேசிட்டே நிக்கீய. இப்பம் என்ன செய்யப் போறீய?”

நடுவை மட்டும் நம்பிப் பறந்தால் எல்லாக் கட்டத்தையும் முடிக்க மூன்று நாளாகும். மூன்று நாள் தண்ணீரில் யார் கிடப்பார்கள்? நான் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். நின்றால் எதையாவது போட்டு உடைத்துவிடுவேன் போலிருந்தது. சென்னியப்பன் தன் பெட்டியைத் திறந்து நகத்தளவுக் கண்ணாடித் துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

“மூணுல ரெண்டுன்னு சொன்னனுங்கல்ல. நிறத்தை விட்டுட்டா மெல்லிசும் அகலமும் முழுசாக் கெடைக்குமுங்க. ஃபேக்டரியில லென்ஸைச் சோதிக்க இதைத்தான் ஒட்டுவோம். ஒரே ஒரு நிறத்தை மட்டும் உள்ள விடும். அப்பக் கடைசி ஓரம் வரைக்கும் ஊசி மாதிரி விழும். சாப்ட்வேரே தேவையில்ல.”

“ஒட்டு, பறக்கலாம்.”

“எதை ஒட்டறதுங்க?”

“எதையாவது ஒட்டுய்யா!”

“கோவிச்சுக்காதீங்க்கா. சிவப்பு போட்டா கடல் கறுப்பாத் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு இதெல்லாம் வெள்ளையா மின்னும். பச்சை அந்தக் கறுப்போட கறுப்பாப் போயிரும். பச்சைக் கண்ணாடி போட்டா பச்சை தெரியும், ஆரஞ்சு மங்கிக் கடலோட போயிரும். ஒவ்வொரு நிறத்துக்கும் லென்ஸோட தூரத்தை மாத்தி ஒட்டோணும். ஒரு மணி நேரம் ஆகுமுங்க.”

ஜன்னல் வழியே பார்த்தேன். தென்னை மட்டைகள் ஆட ஆரம்பித்திருந்தன. சாயங்காலம் காற்று ஏறினால் டிரோனைக் கிளப்ப முடியாது. இந்தக் கொட்டகையில் இருப்பது ஒரே டிரோன், மிச்சமிருப்பது ஒரே ஓட்டம். அதற்கு ஒரே நிறம்.

கடலில் அவர்களிடம் என்ன நிறம் இருக்கும்? சிலுவைத்துறைப் படகுகள் எல்லாமே பச்சை. கவிழ்ந்திருந்தாலும் ஃபைபர் மிதக்கும். உயிர்காப்புச் சட்டை ஆரஞ்சு.

“ரெண்டு ஜாக்கெட்தானே?” என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

“ஒண்ணுதான்,” என்றாள். “இன்னொண்ணு எங்க வீட்டுக் கொடியில காயுது. மீன் கவிச்சி தாங்கலன்னு நாந்தான் ஞாயித்துக்கெழமை தொவச்சுப் போட்டேன். ஈரமா இருக்குன்னு விட்டுட்டுப் போய்ட்டாவ.”

அதை அவள் சொன்ன விதத்தில், திங்கட்கிழமையிலிருந்து அவள் ஏன் அழவில்லை என்று புரிந்தது. அழ உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன், பிடிக்கவில்லை. எனக்கு அதெல்லாம் வராது.

“அந்த ஒண்ணை யாரு போட்டிருப்பா?”

“ரெமிதான். எங்க கரையில அப்படித்தாம்க்கா. படகுல ஒரு ஜாக்கெட்தான் இருக்குன்னா அது எளையவனுக்கு. மூத்தவன் படகைப் பிடிச்சுக்கிடணும். சின்னப் புள்ளையில இருந்து அதைப் பாத்துத்தான் வளருதோம். அவிய அவன் கையைக் காலைக் கட்டியாவது மாட்டி விட்டுருப்பாவ.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னியப்பனுக்கும் உறைத்திருக்க வேண்டும், கண்ணாடித் துண்டுகளிலிருந்து கையை எடுத்துவிட்டான். சிவப்பு என்றால் ரெமி. பச்சை என்றால் படகைப் பிடித்துக் கிடக்கிற கிளாரன்ஸ். இரண்டு நாள் அலையில் ஜாக்கெட் ஒரு பக்கம், படகு ஒரு பக்கம் போயிருக்கும். இன்றைக்குக் கண்ணில் படாதவன் நாளைக் காலை வரை கடலில் கிடக்க வேண்டும்.

“ஜெசிந்தா, நீ கொஞ்சம் வெளிய இரும்மா,” என்றேன். “நாங்க பேசி முடிவு பண்றோம்.”

“எனக்கு வெளங்கிட்டு,” என்றாள். “எந்தக் கண்ணாடின்னு நான் சொல்லுதேன்.”

“நீ சொல்ல வேண்டாம். நான் காசு சுண்டிக்கூடப் பாக்கறேன், நீ சொல்லாத.”

“என் வீட்டு ஆளுவளுக்குக் காசு சுண்டுவீயளோ?” முதல் தடவையாகக் கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. “சிவப்பு போடுங்க. அவியளுக்குக் கடல் தெரியும். படகை விட மாட்டாவ, நாளை வரைக்கும் தாங்குவாவ. தம்பி பயந்தாங்குளிக்கா. தனியாக் கெடந்தா பயத்துலயே போயிருவான். எங்க அம்மை சாவையில என் கையிலதான் அவனைக் குடுத்துட்டுப் போச்சு. சிவப்பையே போடுங்க.”

சென்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

அவன் ஒட்டி முடிக்கும் வரை என் மேலதிகாரி இரண்டு தடவை போனில் வந்தார். ஒப்பந்தப்படி படம் முழு நிறத்தில்தான் பதிவாக வேண்டும், சான்றிதழ் இல்லாத எதையும் கேமராவில் ஒட்டக் கூடாது என்றார். சரி சார், சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனைத் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் வைத்தேன்.

டிரோன் கிளம்பியது. திரையில் கடல் தார் ஊற்றியது போல் கிடந்தது. அழகே இல்லை. ஆனால் ஓரம் வரை அலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. எத்தனை குப்பை! ஒரு வாளி, ஒரு செருப்பு, பிஸ்கட் பாக்கெட், மிதவைகள். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளிக்கும் ஜெசிந்தா என் தோளை அழுத்துவாள், அது வாளியாகவோ செருப்பாகவோ ஆனதும் விடுவாள். காற்று ஏறிக்கொண்டிருந்தது, டிரோன் குலுங்கியது. பதினாறில் இல்லை. பதினேழு.

நான் காலையில் சுத்தம் என்று சொன்ன அதே பதினேழில், திரையின் கடைசி ஓரத்தில், ஒரு புள்ளி. நகராமல் மேலும் கீழும் ஆடியது. டிரோனை இறக்கினேன். புள்ளிக்கு ஒரு தலை இருந்தது. ஒரு கை மெல்ல எழுந்து விழுந்தது.

“ரெமி!” என்று ஜெசிந்தா போட்ட சத்தத்தில் வெளியே கட்டிப்போட்டிருந்த நாய் குரைத்தது.

இடத்தைச் சொன்னேன். சிலுவைத்துறைப் படகுகள்தான் பக்கத்தில் இருந்தன. ஜெசிந்தா தோளைப் பிடித்திருந்த பிடியில் என் கை மரத்துவிட்டது. அவள் “யேசுவே, யேசுவே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் கூடச் சொன்னேன். எனக்கும் அந்தச் சாமிக்கும் பழக்கமே கிடையாது.

வயர்லெஸ் கரகரத்தது. “ஆளு கெடக்கான்லே! உசுரு இருக்கு! தூக்குலே, தூக்கு, கை ஒடிஞ்சிருக்கு, பாத்துத் தூக்கு… ஏ கிளாரன்ஸ்! கிளாரன்ஸ்லே இது!”

ஜெசிந்தாவின் கை என் தோளிலிருந்து விழுந்தது.

அவள் முகத்தில் சந்தோஷம் வந்தது. அதை நான் பார்த்தேன், சத்தியமாக வந்தது. வந்த வேகத்தில் அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்து அதைத் தள்ளிவிட்டது. மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள்.

“தம்பி எங்க? தம்பியைப் பாருங்க!”

“ஒருத்தன்தாம்மா,” என்றது வயர்லெஸ். “ஒருத்தன்தான் இருக்கான்.”

அன்றைக்கு இரவு யாரும் தூங்கவில்லை. மறுநாள் காற்று இறங்கியதும் பச்சைக் கண்ணாடியை ஒட்டிப் பறந்தோம். படகு கவிழ்ந்தபடி தெற்கே வெகுதூரத்தில் கிடைத்தது. அடிப்பக்கத்தில் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தது, பிடித்துக் கிடப்பதற்காக. பிடித்துக் கிடந்தவன் இல்லை.

மூன்று வாரம் கழித்துச் சிலுவைத்துறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கிளாரன்ஸ் கையில் மாவுக்கட்டுடன் கட்டிலில் சாய்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எத்தனையாவது தடவையாகவோ சொல்லிக்கொண்டிருந்தார். “படகு கவுந்ததுல கை போச்சு. ஜாக்கெட்டை அவனுக்கு மாட்டி விட்டேன். அவன் கழத்தி எனக்கு மாட்டுதான். நான் அடிச்சேன், ஒத்தக் கையால அடிச்சேன். ‘அத்தான், ஒத்தக் கையால நீங்க படகைப் பிடிக்க முடியாது. அக்காவுக்கு நீங்க வேணும்’ங்கான். நேரங்கெட்ட பயலுக்கு அப்பதான் தைரியம் வருது. மறுநாள் அலையில நான் தனியாப் போய்ட்டேன். அவன் படகுல இருந்து கையைக் காட்டுதான்.”

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கிளாரன்ஸ் என்னைக் காட்டினார். “இவியதான் டிரோன் ஓட்டுனாவ. ஆனா சிவப்பு போடச் சொன்னது யாரு? என் பொண்டாட்டி. நான் ஜாக்கெட்டுல இருப்பேன்னு அவ மனசுக்குத் தெரிஞ்சிருக்கு. எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்?”

எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் எனக்குக் காபி கொண்டுவந்துகொண்டிருந்தாள். டம்ளரைக் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்த்தாள். நான் காபியைக் குடித்தேன், நாக்கு வெந்துபோனது.

கிளம்பும்போது தெரு வரைக்கும் வந்தாள். வீட்டுக் கொடியில் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நாம பச்சை போட்டுருந்தா?”

வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்காகத்தான் போயிருக்கிறேன் போல. மறுநாள் படகு கிடந்த இடத்தை வைத்துச் சென்னியப்பன் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எங்கள் சிவப்புப் படங்களில் தேடி, படகு இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கறுப்புக் கடலில் இன்னும் கொஞ்சம் கறுப்பாக ஒரு திட்டு. அதன் மேல் ஒரு சின்ன வெளிச்சம். ஈரத்தில் வெயில் பட்டதாகவும் இருக்கலாம். ஒரு ஆள் குப்புறப் படுத்திருந்ததாகவும் இருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் அதை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தோமோ கணக்கில்லை. “சொல்ல முடியாதுங்க்கா,” என்றான். அவன் கம்பெனியில் ஓரத்தை வரையாமல் மங்கலாகவே விட்டுவிடலாம் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். மங்கலான படத்தை எவன் வாங்குவான் என்று கேட்கிறார்களாம்.

“பச்சை போட்டிருந்தாலும் வெறும் படகுதான் தெரிஞ்சிருக்கும் ஜெசிந்தா,” என்றேன். “அன்னைக்கு மத்தியானமே அவன் அதுல இல்ல. நாங்க படத்தைப் பாத்துட்டோம். தெளிவாத் தெரியுது.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம் அவள் தோள் இறங்கியது. அன்றைக்கு வராத அழுகை எல்லாம் சேர்த்து அந்தத் தெருவிலேயே வந்தது. பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை எனக்கு அது வந்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சென்னியப்பன் போன் செய்தான். “அக்கா, புதுசா ஒரு வழி தோணுதுங்க. அந்த வெளிச்சம் ஆளா இல்லையான்னு அதை வெச்சுச் சொல்லிரலாமாட்டத் தெரியுது. இன்னொருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?”

“வேண்டாம்.”

“இல்லீங்க, ஒரு ராத்திரி வேலைதானுங்க…”

“வேண்டாம் சென்னி. நான் அவகிட்டச் சொல்லிட்டேன்.”

“என்னன்னு சொன்னீங்க?”

பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினேன்.

“சுத்தம்னு,” என்றேன்.